லொறி வாங்குமுன் கொடுக்கும் வாக்குறுதி

சென்ற ஆண்டு நல்லூர்த் திருவிழாக் காலத்தில், பல ஆண்டுகளுக்கு முன் என்னிடம் வர்த்தகம் பயின்ற மாணவர் ஒருவர் என் இல்லத்துக்கு வந்திருந்தார். இப்பொழுது அவர் இலண்டன் மாநகரின் கிழக்குப் பகுதியிலே பலசரக்குக் கடை நடத்துபவர். திருவிழாவுக்கு வருவோர் கையில் அருச்சனைத் தட்டைக் காண்பது வழக்கம். இவர் கையிலோ தடித்த கோவையொன்று இருந்தது. விறாந்தையில் அமர்ந்ததும் அதை என் முன் வைத்தார்.

"சேர், ஒரு லொறி வாங்கக் காசு சேர்த்துவிட்டேன். அதை ஓட்டுவதற்கு உத்தரவு பெறத்தான் வழி தெரியாமல் நிற்கிறேன்" என்றார்.

"உம்மிடம் சாரதி அனுமதிப்பத்திரம் இருக்கிறதல்லவா, தம்பி?" என்று வினவினேன்.

"அது எனக்கு, சேர். இது என்னுடைய வியாபாரத்துக்கு" என்று சிரித்தார்.

மூன்று மாலைப் பொழுதுகள் அக்கோவையை நாமிருவரும் புரட்டினோம். படிக்கப் படிக்க, அது வெறும் விண்ணப்பத் தாள்களின் கட்டன்று என்பது எனக்குப் புலனாயிற்று. தெருவிலே கனரக வாகனம் ஒன்றை விடுபவன், அத்தெருவிலே நடமாடும் முன்பின் அறியாத மக்களுக்கு என்ன கடமைப்பட்டிருக்கிறான் என்பதை அது ஒவ்வொன்றாகக் கேட்கின்றது. பிரித்தானியாவிலே பிள்ளைகளையும் உறவினரையும் உடைய குடும்பங்கள் நம்மிடையே பல. வர்த்தகமும் குடியியலும் பயிலும் மாணவர்களும் இப்பகுதியைப் படிக்கின்றனர். ஆதலின் நான் அறிந்தவற்றை ஈண்டுத் தொகுத்துக் கூறலாமென எண்ணினேன்.

எடையே எல்லை

இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்கொத்லாந்து ஆகிய மூன்றிலும் ஒரே விதி நடைமுறையில் உள்ளது. வட அயர்லாந்துக்குத் தனிச் சட்டம் உண்டு. வியாபாரத்தின் பொருட்டுச் சரக்கேற்றும் வாகனம், தன் எடையும் சுமையும் சேர்ந்து 3.5 தொன்னுக்கு மேற்பட அனுமதிக்கப்பட்டதாயின், அதனை நடத்துபவர் பொதுவாகத் தனி அனுமதிப்பத்திரம் ஒன்று பெற்றிருத்தல் வேண்டும். அங்குள்ள நம்மவர் அதனை 'ஓ லைசென்ஸ்' என்று சுருக்கமாக வழங்குகின்றனர். வாகனத்தை ஓட்டுபவர் யாராயினும் ஆகுக. அதைத் தம் தொழிலுக்குப் பயன்படுத்துபவர் எவரோ அவரே இப்பத்திரத்துக்கு உரியவர்.

நம் மாணவர் இதுகாறும் 3.5 தொன் வான் ஒன்றை வைத்து, விடியற்காலையில் லேய்ற்றனில் உள்ள நியூ ஸ்பிற்றல்பீல்ட்ஸ் மரக்கறிச் சந்தைக்குச் சென்று சரக்கெடுத்து வந்தார். அதற்கு இப்பத்திரம் வேண்டியிருக்கவில்லை. கடை வளர்ந்தது, அரிசி மூட்டைகள் பெருகின, வான் போதவில்லை. ஆசைப்பட்டு அதற்குள்ளேயே அதிகச் சுமை ஏற்றுவது குற்றம். ஆகவே 7.5 தொன் லொறி ஒன்றை விலை பேசினார். அங்கே எல்லையைக் கடந்தார்.

ஓட்டுவதிலும் ஒரு நுட்பம் இருக்கின்றது. 1997ஆம் ஆண்டு ஜனவரி முதலாந் தேதிக்கு முன் அந்நாட்டில் கார் ஓட்டும் பரீட்சையிற் சித்தியடைந்தவர்கள் 7.5 தொன் வரையுள்ள லொறியையும் ஓட்டும் உரிமை பெற்றிருந்தனர். அதன் பின் சித்தியடைந்தோர் அதற்கெனத் தனிப் பரீட்சை எழுதவேண்டும். நம் மாணவர் பின்னவர். ஆகவே பத்திரம் கிடைத்தாலும், தாமே உடனே ஏறி ஓட்டிவிட முடியாது.

இச்சட்டம் பிறந்த வரலாறு

முதல் உலகப் போருக்குப் பின்னர் பிரித்தானியாவின் தெருக்களில் லொறிகள் பெருகின. புகையிரதக் கொம்பனிகளுக்கும் லொறிக்காரருக்குமிடையே கடும் போட்டி மூண்டது. 1930ஆம் ஆண்டின் தெருப் போக்குவரத்துச் சட்டம் போக்குவரத்து ஆணையாளர் என்னும் பதவியை உண்டாக்கிற்று. அப்போது அவர்கள் கவனித்தது பஸ் வண்டிகளையே. 1933ஆம் ஆண்டின் சட்டம் லொறிகளையும் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. கூலிக்குப் பிறர் பொருளை ஏற்றுவோருக்கு 'ஏ' பத்திரம். தம் பொருளையும் பிறர் பொருளையும் ஏற்றுவோருக்கு 'பி' பத்திரம். தம் பொருளை மாத்திரம் ஏற்றுவோருக்கு 'சி' பத்திரம் என மூவகை வகுக்கப்பட்டது. கூலிக்கு ஓட விரும்புபவர், தம்முடைய லொறி அவ்விடத்துக்குத் தேவைதான் என நிறுவவேண்டியிருந்தது. புகையிரதக் கொம்பனிகள் எழுந்து நின்று மறுப்புக் கூறலாம்.

1968ஆம் ஆண்டின் போக்குவரத்துச் சட்டம் இந்நோக்கையே மாற்றிற்று. 'உமது லொறி தேவையா?' என்ற கேள்வி போய், 'லொறி வைத்து நடத்த நீர் தகுந்தவரா?' என்ற கேள்வி வந்தது. லொறிகளின் தொகையை மட்டுப்படுத்துவதை விடுத்து, நடத்துவோரின் தரத்தைச் சோதிப்பதே சட்டத்தின் வேலையாயிற்று. இன்று நடைமுறையிலுள்ளது 1995ஆம் ஆண்டின் சட்டம். அதுவும் அவ்வழியிலேயே செல்கின்றது. தகுதியைத் தீர்மானிப்பவர் போக்குவரத்து ஆணையாளர். அவர் அமைச்சரின் சொற்படி தீர்ப்புக் கூறுபவரல்லர். நீதிபதியைப் போலச் சுதந்திரமாக முடிவு செய்பவர்.

மூவகைப் பத்திரம்

இன்றும் பத்திரங்கள் மூவகைப்படும். தம்முடைய சொந்த வியாபாரப் பொருளை மாத்திரம் ஏற்றுவோர் பெறுவது வரையறுக்கப்பட்ட பத்திரம். பிறர் பொருளைக் கூலிக்கு நாட்டுக்குள்ளே ஏற்றுவோர் பெறுவது உள்நாட்டுப் பொதுப் பத்திரம். நாட்டுக்கு வெளியேயும் கூலிக்குக் கொண்டுசெல்வோர் பெறுவது சர்வதேசப் பொதுப் பத்திரம். கூலிக்கு ஐரோப்பாவுக்குச் சரக்கேற்றுவோர், 2.5 தொன்னுக்கு மேற்பட்ட வானுக்குங்கூட இதனைப் பெறவேண்டும் என்ற விதி 2022ஆம் ஆண்டு மே மாதம் 21ஆந் தேதி முதல் நடைமுறைக்கு வந்தது.

பொதுப் பத்திரம் பெற விரும்புவோர், தொழிற் றகைமைச் சான்றிதழ் பெற்ற போக்குவரத்து முகாமையாளர் ஒருவரைக் கொண்டிருத்தல் வேண்டும். அல்லது தாமே அச்சான்றிதழைப் பெறல் வேண்டும். வரையறுக்கப்பட்ட பத்திரத்துக்கு அது கட்டாயமன்று. எனவே சிறு கடைக்காரர் பெரும்பாலும் இதனையே நாடுகின்றனர்.

"எனக்கும் இதுவே போதும், சேர்" என்றார் மாணவர். பின்னர் சற்றுத் தயங்கி, "ஆனால் பக்கத்திலே என் மைத்துனர் ஒருவருக்கும் இரண்டு ஒன்றுவிட்ட சகோதரர்களுக்கும் கடைகள் இருக்கின்றன. நான் சந்தைக்குப் போகும்போது அவர்கள் வாங்கிய சாமான்களையும் ஏற்றி வருவதாகச் சொல்லிவிட்டேன். டீசல் செலவிலே பங்கு தருவார்கள். இலாபமொன்றும் எடுக்கமாட்டேன்" என்றார்.

இங்கேதான் வழுக்கல். பிறருடைய பொருளை ஏற்றிக் கைம்மாறு பெறுவது 'கூலிக்கு ஏற்றுதல்' ஆகும். இலாபம் இல்லை என்பதனால் மட்டும் அது கூலியன்று என்று ஆகிவிடாது. செலவுப் பங்கும் கைம்மாறாகக் கருதப்படக்கூடும். நம்மூரில் சந்தைக்குப் போகும் லொறியில் அயலவரின் இரண்டு மூட்டையை ஏற்றாது விட்டால் அது மனிதத் தன்மையன்று என்பார்கள். அங்கேயோ, வரையறுக்கப்பட்ட பத்திரம் உடையவர் அதனைக் காசுக்குச் செய்தால் பத்திரத்தின் வரையறையை மீறியவராவார். அப்பத்திரத்தை இழக்கவும் நேரலாம்.

மாணவர் முகம் வாடிற்று. அந்த மைத்துனரே இவர் இலண்டன் சென்ற காலத்தில் இருக்க இடமும், கடை தொடங்கக் கைமாற்றும் கொடுத்தவர். அவருக்கு இல்லையென்று சொல்வது எப்படி என்பதே அன்று மாலை அவரை வாட்டிய கேள்வி. நாம் அதை மறுநாளைக்கு ஒத்திவைத்தோம்.

வங்கியிலே இருக்கவேண்டிய பணம்

விண்ணப்பக் கட்டணம் 257 பவுண். பத்திரம் வழங்கப்படும்போது மேலும் 401 பவுண். ஆக 658 பவுண். பத்திரம் நிலைபெற்றிருக்க ஐந்தாண்டுக்கு ஒருமுறை 401 பவுண் செலுத்தவேண்டும். விண்ணப்பம் மறுக்கப்பட்டாலும் விண்ணப்பக் கட்டணம் திரும்பி வராது.

இக்கட்டணத்தின் வேறாக, பொருளாதார நிலையைக் காட்டவேண்டும். வரையறுக்கப்பட்ட பத்திரமாயின், முதல் வாகனத்துக்கு 3,100 பவுணும், பின்வரும் ஒவ்வொன்றுக்கும் 1,700 பவுணும் கையிலிருத்தல் வேண்டும். கனரக வாகனத்துக்குப் பொதுப் பத்திரம் பெறுவோர் முதலாவதற்கு 8,000 பவுணும், பின்வருவன ஒவ்வொன்றுக்கும் 4,500 பவுணும் காட்டவேண்டும். இரண்டு வாகனமெனின் முன்னவருக்கு 4,800 பவுண். பின்னவருக்கு 12,500 பவுண். இப்பணத்தை அரசாங்கம் வாங்கிக்கொள்வதில்லை. அது விண்ணப்பதாரிக்கு எட்டும் நிலையில் இருக்கிறது என்று காட்டினாற் போதும்.

"ஏன் இப்படி?" என்று மாணவர் கேட்டார். விடை எளிது. பிறேக் தேய்ந்துவிட்டது, ரயர் பழுது, ஆனால் கையிற் காசில்லை, இந்த வாரம் மட்டும் ஓட்டிப் பார்ப்போம் என்னும் எண்ணமே விபத்தின் வித்து. திருத்துவதற்குப் பணமில்லாதவர் லொறி நடத்தலாகாது என்பதே இவ்விதியின் உட்கருத்து.

இங்கே நம்மவர் தடுக்கி விழும் இடமொன்றுண்டு. வங்கிக் கணக்கின் கடைசி நாள் மிகுதியை மட்டும் பார்ப்பதில்லை. 28 நாட்களின் சராசரியைக் கணக்கிடுகின்றனர். சீட்டுக் காசு விழுந்ததைக் கடைசி நாளில் வங்கியிற் போட்டு, 'இதோ பணம்' என்று காட்டினால் சராசரி எட்டாது. மேலும், கணக்கு விண்ணப்பதாரியின் பெயரிலேயே இருத்தல் வேண்டும்.

லொறி உறங்கும் இடம்

வேலை முடிந்தபின் லொறி எங்கே நிற்கும்? இதனை விண்ணப்பத்தில் குறிப்பிடவேண்டும். கடைக்கு முன்னுள்ள தெருவில் விடுவேன் என்று கூறிவிட இயலாது. தெருவுக்குப் புறம்பான, போதிய விசாலமுள்ள, தாம் பயன்படுத்த உரிமை பெற்ற இடமாக அது இருத்தல் வேண்டும். பிறருடைய வளவாயின் உரிமையாளரின் எழுத்துமூலமான சம்மதம் தேவை. ஓட்டும் சாரதி வசதிக்காக அதனை இரவில் தன் வீட்டு வாசலுக்குக் கொண்டுபோவதை வழக்கமாக்கவும் இயலாது.

அவ்விடத்தை உள்ளூர்ப் பத்திரிகையொன்றில் விளம்பரம் செய்யவேண்டும். விண்ணப்பம் அனுப்புவதற்கு முன் 21 நாட்கள், பின் 21 நாட்கள் என்னும் எல்லைக்குள் அது வெளிவருதல் வேண்டும். பெயரோ விலாசமோ வாகனத் தொகையோ விளம்பரத்திற் பிழையாக அச்சாகிவிட்டால் மீண்டும் காசு கொடுத்து அச்சிட நேரும். அயலிலே வீடோ காணியோ உடையவர்கள், விளம்பரம் வெளிவந்து 21 நாட்களுக்குள், ஓசை, புகை, அதிர்வு முதலியவற்றால் தமக்கு இடையூறு உண்டாகும் என்று எழுதலாம். பொலிசாரும் உள்ளூராட்சிச் சபையும் தக்க காரணங்காட்டி ஆட்சேபிக்கலாம். ஆணையாளர் மறுக்கவும் செய்யலாம். இத்தனை மணிக்கு முன் லொறியை எடுக்கலாகாது என்று நிபந்தனை விதித்து வழங்கவும் செய்யலாம்.

விடியற்காலை மூன்று மணிக்குச் சந்தைக்குப் புறப்படும் கடைக்காரருக்கு இது பெரிய விடயம். தூங்கும் குழந்தையை உடைய அயல் வீட்டாருக்கும் இது பெரிய விடயமே. இருவரையும் கேட்ட பின்னரே முடிவு செய்யப்படுகின்றது.

கையொப்பத்தின் பொருள்

விண்ணப்பத்தின் இறுதியில் வாக்குறுதிகள் சில வருகின்றன. வாகனங்களை ஓடுவதற்குத் தகுந்த நிலையில் வைத்திருப்பேன். அளவுக்கு மிஞ்சிச் சுமை ஏற்றவிடேன். வேக எல்லையை மீறவிடேன். சாரதிகளின் வேலை நேர விதிகளைக் காப்பேன். பழுதுகளைச் சாரதிகள் எழுத்தில் அறிவிக்கச் செய்வேன். பரிசோதனை, திருத்தம் ஆகியவற்றின் பதிவுகளை 15 மாதம் பாதுகாப்பேன் என்பன அவற்றுட் சில.

இவை ஒவ்வொன்றும் நாள்தோறும் செய்யும் வேலையாக விரிகின்றன. புறப்படுமுன் சாரதி வாகனத்தைச் சுற்றிவந்து ரயர், விளக்கு, கண்ணாடி, கசிவு, சுமைக் கட்டு ஆகியவற்றைப் பார்த்து எழுதிவைக்கவேண்டும். சில வாரங்களுக்கு ஒருமுறை தகுதியுள்ள மெக்கானிக் முழுப் பரிசோதனை செய்யவேண்டும். 12 ஆண்டுக்கு மேற்பட்ட வாகனமாயின் 6 வாரத்துக்கு ஒரு தடவையேனும் பரிசோதிக்குமாறு அரசின் வழிகாட்டி கூறுகின்றது. நாலரை மணி நேரம் ஓட்டிய சாரதி 45 நிமிடம் ஓய்வெடுக்கவேண்டும் என்பது பொதுவிதி. அதிகாரிகள் சோதிக்கும்போது, ஆறு மாதத்துக்கு முந்திய தாளையும் எடுத்துக் காட்டவேண்டிவரும்.

இவையெல்லாம் மிகையான கெடுபிடி என்று நினைப்போர் ஒரு நிகழ்ச்சியை அறிந்திருத்தல் நலம். 2015ஆம் ஆண்டு பெப்ரவரி 9ஆந் தேதி, இங்கிலாந்தின் பாத் நகரில், செங்குத்தான தெருவொன்றில் இறங்கிய கனரக லொறி ஒன்று பிறேக் பிடியாது ஓடிற்று. தன் பாட்டியாருடன் தெருவைக் கடந்த நான்கு வயதுச் சிறுமியும், கார் ஒன்றிலிருந்த மூன்று ஆடவரும் மாண்டனர். பாட்டியார் கடுங்காயமுற்றார். லொறியின் பிறேக்குகள் பராமரிப்பின்றிக் கெட்டிருந்தமை விசாரணையில் வெளியாயிற்று. ஓட்டியவர் 19 வயது இளைஞர். நீதிமன்றம் அவரைக் குற்றவாளியெனக் காணவில்லை. லொறியை நடத்திய முதலாளியும் மெக்கானிக்குமே மரணம் விளைவித்த குற்றத்துக்காக 2017ஆம் ஆண்டு சிறைத்தண்டனை பெற்றனர். ஓட்டியவனை விட்டு ஓட்டுவித்தவனைச் சட்டம் ஏன் பிடித்தது என்பதை எண்ணிப் பார்ப்போர்க்கு, அக்கையொப்பத்தின் பொருள் நன்கு விளங்கும்.

இதனைக் கேட்ட மாணவர் நெடுநேரம் பேசவில்லை. அவருடைய தந்தையார் ஒரு காலத்தில் யாழ்ப்பாணத்து வெங்காயம் ஏற்றிக் கொழும்புக்கு லொறி ஓட்டியவர். "அப்பாவும் விடியற்காலையில் லாம்பைப் பிடித்துக்கொண்டு லொறியை ஒரு சுற்றுச் சுற்றுவார், சேர். ரயர் ஒவ்வொன்றையும் தட்டிப் பார்ப்பார். கீழே எண்ணெய் சொட்டியிருக்கிறதா என்று குனிந்து பார்ப்பார். பிறகுதான் தேசிக்காயை வைத்து லொறியை எடுப்பார். எழுதி வைக்கவில்லை, அவ்வளவுதான்" என்றார்.

பத்திரம் எவர் பெயரில்?

இன்னுமொரு கருத்து, சுருங்கக் கூறுவேன். இப்பத்திரம் கைமாற்றத் தக்கதன்று. தனியாளாகப் பெற்றவர், பின்னர் கணக்காளர் சொற்கேட்டுத் தம் கடையைக் கொம்பனியாகப் பதிவு செய்தால், கொம்பனி சட்டத்தின் கண்ணில் வேறோர் ஆள். பழைய பத்திரம் அதற்குச் செல்லாது, புதிதாக விண்ணப்பிக்கவேண்டும். தமையன் பெயரிலுள்ள பத்திரத்தைத் தம்பி பயன்படுத்துவதும் குற்றமே. ஆகவே எவ்வகையான வியாபாரம் என்பதை முதலில் தீர்மானித்துக்கொண்டு, அப்பெயரில் விண்ணப்பிப்பதே அறிவுடைமை.

பத்திரம் கைக்கு வருமுன் லொறியை ஓட்டலாகாது. முடிவு வர ஏறக்குறைய இரண்டு மாதமாகலாம். அவசரமெனின் 68 பவுண் கட்டி இடைக்காலப் பத்திரம் கேட்கலாம், ஆனால் அது கிடைத்தே தீரும் என்பதில்லை. பத்திரமின்றி ஓட்டினால் தண்டம் உண்டு. லொறியையே பறிமுதல் செய்யவும் அதிகாரமுண்டு. பழைய குற்றத் தீர்ப்புகள், கடன் முறிவு முதலியவற்றை மறைத்தலும் ஆகாது. உண்மையைக் கூறியவருக்கு ஆணையாளர் விளக்கமளிக்க இடங்கொடுப்பார்; மறைத்தவரை நம்ப மறுப்பார். மறுக்கப்பட்டவர் மேல் நியாயசபைக்கு முறையிடலாம்.

மைத்துனருக்குச் சொன்ன பதில்

மூன்றாம் நாள் மாலை வழியொன்று தென்பட்டது. சந்தையிலே பொருளைத் தாமே விலைக்கு வாங்கி, தமக்குச் சொந்தமாக்கி, பின்னர் உறவினர் கடைகளுக்கு மொத்த விலையில் விற்று, விற்ற பொருளைக் கொண்டுசென்று கொடுப்பாராயின், அவர் ஏற்றுவது தம் சொந்த வியாபாரப் பொருளே. ஆனால் அது உண்மையான வியாபாரமாக இருத்தல் வேண்டும். சிட்டை எழுதவேண்டும், நட்டம் வந்தால் தாமே தாங்கவேண்டும். பெயருக்குச் சிட்டை எழுதிவிட்டு டீசல் காசு வாங்குவது கண்கட்டு வித்தையாகும். "அங்கே ஒரு சட்டத்தரணியையும் கேட்டுக்கொள்ளும்" என்று கூறினேன்.

அன்றிரவு என் விறாந்தையிலிருந்தே அவர் மைத்துனருடன் தொலைபேசியிற் பேசினார். "அத்தான், குறை நினைக்காதேயுங்கோ. நீங்கள் வாங்கிய சாமானை நான் ஏற்றமுடியாது. விருப்பமென்றால் என்னிடம் வாங்குங்கோ" என்று அவர் சொல்லியதும், மறுமுனையில் நீண்ட மௌனம் நிலவியதும் எனக்குத் தெரிந்தன.

மார்கழியில் செய்தி வந்தது. ஒரு லொறிக்கு வரையறுக்கப்பட்ட பத்திரம் கிடைத்துவிட்டதாம். ஒன்றுவிட்ட சகோதரர் இருவரும் அவரிடமே சரக்கு வாங்குகின்றனராம். மைத்துனர் மட்டும் தம் பழைய வானிலேயே சந்தைக்குப் போகின்றாராம்; வீட்டுக்கு வருவது சற்றுக் குறைந்திருக்கின்றதாம். அது மாணவரை வருத்துகின்றது என்பது எழுத்தில் தெரிந்தது. காலம் ஆற்றுமென்று எழுதினேன்.

கடிதத்துடன் ஒரு படமும் இருந்தது. இருள் பிரியாத வேளையில், கையில் விளக்குடன், சாரதி லொறியைச் சுற்றிவருகின்றார். மாணவர் அருகே குறிப்புப் புத்தகத்துடன் நிற்கின்றார். புலம்பெயர்ந்த பிள்ளைக்கு லொறி வாங்கப் பணம் அனுப்பும் பெற்றோரும், பணம் கேட்கும் பிள்ளையும், விலையைக் கேட்குமுன் இவற்றைக் கேட்டறிவார்களாக: எடை எவ்வளவு, ஏற்றுவது எவர் பொருள், நிறுத்துவது எவ்விடம், பழுது பார்ப்பதற்குப் பணம் எங்கே. இந்நான்குக்கும் நேரான விடை கிடைத்தபின் லொறியை விலை பேசலாம்.